பதிவேடு இருக்கிறது, பெயரைத் தேடுவது எப்படி?

தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், வீடுதோறும் ஒரு கேள்வியைக் கொண்டுவந்து சேர்த்தது: 2002 அல்லது 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் வாக்காளரின் பெயரோ அவருடைய பெற்றோரின் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது? பழைய பட்டியல்கள் இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தன. ஆயினும், தந்தை அப்போது எந்தத் தெருவில் குடியிருந்தார், அவருடைய பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்தது என்பன தெரியாதவர்களுக்கு அப்பட்டியல்கள் கையெட்டும் தொலைவில் இருந்தும் உதவவில்லை.

2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் மறைந்துபோன புரசைவாக்கம், பூங்கா நகர் போன்ற தொகுதிகளில் வாழ்ந்த குடும்பங்கள், முதலில் தங்கள் தெரு அன்று எந்தத் தொகுதியில் இருந்தது என்பதையே கண்டறிய வேண்டியிருந்தது. மணமான பெண்களின் பெயரோடு கணவர் பெயரே பதியப்பட்டிருந்ததால், பெற்றோரோடு அவர்களை இணைத்துக் காட்டுவதற்கு வேறொரு ஆவணம் தேவைப்பட்டது.

குடும்ப வரலாற்றைத் தேடுவது ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட காலம் இதனோடு முடிந்துவிட்டது எனலாம். வாக்குரிமை, பூர்விகச் சொத்தில் பங்கு, வாரிசுச் சான்று, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை ஆகிய ஒவ்வொன்றும் முந்தைய தலைமுறையின் ஆவணம் ஒன்றில் போய் நிற்கிறது. மொரிஷியஸில் உள்ள இந்திய வம்சாவளியினரின் ஏழாம் தலைமுறை வரை அந்த அட்டையைப் பெறலாம் என்று 2024இலும், சூரிநாமில் ஆறாம் தலைமுறை வரை பெறலாம் என்று 2023இலும் இந்திய அரசு அறிவித்தபோது, கடலுக்கு அப்பால் வாழும் குடும்பங்களும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய தாள்களைத் தேடத் தொடங்கின.

இத்தேடலின் மையச் சிக்கல் ஒன்றே. ஒரு பதிவேட்டைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது ஒரு பணி. அதிலுள்ள ஒரு மனிதரைக் கண்டுபிடிக்கும்படி செய்வது மற்றொரு பணி. முதலாவது ஓரளவு நடந்திருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் நடக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பில் குடும்பங்களுக்கும் பங்குண்டு, அரசுக்கும் பங்குண்டு.

கணக்கெடுப்புத் தாள் இல்லாத நாடு

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடும்ப வரலாறு தேடுபவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே அடித்தளமாகக் கொள்கின்றனர். வீடுவீடாக எழுதப்பட்ட தாள்களை பிரிட்டன் 100 ஆண்டுகளுக்குப் பின்னரும் அமெரிக்கா 72 ஆண்டுகளுக்குப் பின்னரும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதால், 2022ஆம் ஆண்டில் மட்டும் இங்கிலாந்தின் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் அமெரிக்காவின் 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் தேடலுக்கு வந்தன.

இந்தியாவில் அத்தகைய வசதி இல்லை. 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை என்று கூறுகிறது. தொகுத்த எண்ணிக்கைகள் மட்டுமே நூல்களாக வெளிவருகின்றன. ஆகவே, இந்தியக் குடும்பம் ஒன்று தன் முன்னோரைப் பத்திரப் பதிவு, நில வரி, பிறப்பு இறப்புப் பதிவு, தேவாலயப் பதிவு, கப்பல் பட்டியல், வாக்காளர் பட்டியல் என்று சிதறிக் கிடக்கும் துண்டுகளிலிருந்தே ஒன்றுசேர்க்க வேண்டியுள்ளது.

இவற்றுள் பிறப்புப் பதிவிலும் ஒரு வரம்பு உண்டு. பிறப்பு, இறப்பு பதிவை நாடு முழுவதற்கும் ஒரே முறையாக்கிய 1969ஆம் ஆண்டுச் சட்டம் 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுகள் இருந்தன என்றாலும், பல பதிவுகளில் குழந்தையின் பெயர் இராது. தந்தையின் பெயரும் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்ற குறிப்பும் மட்டுமே இருக்கும். பெயர் சூட்டுவதற்கு முன்பே பதிவு நடந்துவிடுவது இதற்குக் காரணம். எனவே, பழைய பிறப்பைத் தேடுபவர் குழந்தையின் பெயரைக்கொண்டு தேடாமல், தந்தையின் பெயரையும் ஏறத்தாழ உள்ள தேதியையும் ஊரையும்கொண்டு தேடுவதே பயன்தரும்.

முதல் ஆவணக் காப்பகம் வீடுதான்

இணையத்தில் நுழைவதற்கு முன்னர் வீட்டுப் பெட்டியைத் திறப்பது நல்லது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை, பணிப்பதிவேட்டின் நகல், ஜாதகம், திருமண அழைப்பிதழ், கருமாதிப் பத்திரிகை ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு தேதியோ ஓர் ஊரோ ஓர் உறவோ எழுதப்பட்டிருக்கும்.

இவற்றுள் பலரும் ஒதுக்கிவிடுவது மொய் நோட்டு. திருமணத்திலோ காதுகுத்திலோ யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு செய்தார் என்று எழுதிவைத்த அந்த நோட்டு, கடனைத் திருப்பிச் செய்வதற்காக உருவானதாயினும், ஒரு குறிப்பிட்ட நாளில் அக்குடும்பத்தின் கொண்டான் கொடுத்தான் உறவு எந்தெந்த ஊர்களில் பரவியிருந்தது என்பதை அரசுப் பதிவேடு எதுவும் காட்டாத அளவுக்குக் காட்டும். தாய்மாமன் பெயர் அதில் முதல் பக்கத்திலேயே இருக்கும் என்பதால், மற்ற ஆவணங்களில் மறைந்துபோகும் தாய்வழி உறவுக்கு அதுவே எழுத்துச் சான்றாகிறது.

குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரிப் பட்டியலும் அவ்வாறே பங்காளிக் குடும்பங்களைக் குறிக்கும். நகரத்தார் சமூகத்தில் ஒன்பது கோயில்களை ஒட்டிய திருமணப் பதிவு முறை தலைமுறைகளாகத் தொடர்கிறது. கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபைகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உள்ளன. சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட அத்தகைய பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன.

யாழ்ப்பாணத் தமிழரிடையே, இறந்தவரின் 31ஆம் நாளில் வழங்கப்படும் நினைவு மலர், அதாவது அவர்கள் வழக்கில் ‘கல்வெட்டு’, பெரும்பாலும் வம்சவரலாற்றோடு வெளிவருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதோடும், பின்னர் போரிலும் இடப்பெயர்விலும் காணி உறுதிகளும் குடும்பத் தாள்களும் அழிந்ததோடும் ஏற்பட்ட இழப்பை எண்ணிப் பார்த்தால், 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களையும் படமெடுத்து இலவசமாகப் படிக்கத் தருவதன் மதிப்பு விளங்கும்.

நிலப் பதிவேடுகளில் குடும்பக் கொடி

நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைக்கும் இணைய ஆவணம் வில்லங்கச் சான்று. ஒரு சொத்தின்மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை போன்ற பத்திரங்களின் பட்டியலே அது. பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதலான விவரங்களைக் கட்டணமின்றிப் பார்வையிட முடிகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றில் கிடைக்கும் பத்திர எண்ணைக்கொண்டு பத்திரத்தின் நகலைப் பெற்றால், குடும்ப வரலாறு விரியத் தொடங்கும். ‘இன்னார் பேரனும் இன்னார் குமாரனுமாகிய’ என்று தொடங்கும் பழைய பத்திரம் ஒரே வரியில் மூன்று தலைமுறைகளைத் தருகிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் உடன்பிறந்தார் அனைவரையும் வயதுவரிசையில் நிறுத்துகிறது. எல்லை விவரிக்கும் பகுதி அண்டை நிலக்காரர்களான பங்காளிகளைப் பெயரோடு குறிப்பிடுகிறது.

பட்டா, சிட்டா, அ பதிவேடு ஆகியவற்றையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் காணலாம். ஆயினும், அங்கு தெரிவது இன்றைய நிலை. 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் வழக்கில் யுடிஆர், புல எண்களும் உடைமையாளர் பெயர்களும் புதிதாக எழுதப்பட்டதால், தாத்தாவின் பெயர் அதற்கு முந்தைய அ பதிவேட்டிலும் நிலவரித் திட்டப் பதிவேட்டிலுமே கிடைக்கும். அவற்றை வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆவணக் காப்பறையிலோ, தேவையெனில் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவோ கேட்டுப் பெறலாம். 1909 முதல் எழும்பூரில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், மாகாண அளவிலான வருவாய், இனாம் ஆவணங்களின் களஞ்சியமாக இருக்கிறது.

கப்பல் ஏறியவர்களின் பெயர்கள்

நிலமற்ற குடும்பங்களுக்கு வருவாய்ப் பதிவேடுகள் மௌனமாக இருக்கும் இடத்தில், வேறொரு வகைப் பதிவேடு வியப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமாகப் பேசுகிறது. ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டுப்பட்டு வேலைசெய்ய ஒப்பமிட்ட தொழிலாளர்களாக, கடல்கடந்து அனுப்பப்பட்டவர்களைப் பற்றிக் காலனி அரசு எழுதிய பட்டியல்களே அவை.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை, 1,52,000க்கும் மேற்பட்டோர் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. இப்பட்டியல்கள் கணினியில் ஏறித் தேடத்தக்க வடிவிலும் கிடைக்கின்றன. டர்பனில் உள்ள குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் இவ்வகை ஆவணங்களைப் பேணிவருகிறது.

1834 முதல் சுமார் 4.5 லட்சம் இந்தியத் தொழிலாளர்கள் சென்றிறங்கிய மொரிஷியஸில், மோகா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்றப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. 1860களுக்குப் பின்னர் வந்தவர்களில் பலருக்கு ஒளிப்படமும் அங்கே உண்டு. ஃபிஜி, கயானா, சூரிநாம், டிரினிடாட் டொபேகோ ஆகிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஃபிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன.

புதுச்சேரி, காரைக்கால் பகுதிக் குடும்பங்களுக்கு வேறொரு வாய்ப்பு இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை குடிமைப் பதிவேடுகளில் எழுதப்பட்டன. பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் அவற்றுள் பழையவற்றின் படங்களை இணையத்தில் இலவசமாகத் தந்துள்ளது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி சொந்த மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது புதிய குடும்பப் பெயர் பூண்டதால், அவர்களின் வழித்தோன்றல்கள் பெயர்மாற்றம் நிகழ்ந்த இடத்தைத் தெரிந்துகொண்டால்தான் அதற்கு முந்தைய தலைமுறையை அடைய முடியும்.

இலங்கை மலையகத்திலிருந்து 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த குடும்பங்களுக்கு, அன்று வழங்கப்பட்ட குடும்ப அட்டையும் பயண ஆவணமுமே இரு நாடுகளின் பதிவுகளையும் இணைக்கும் கண்ணி. மலாயா, சிங்கப்பூருக்குச் சென்றவர்களைத் தேடுவோருக்கு, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் தொகுப்பில் ‘தமிழ் முரசு’ இதழின் பழைய பக்கங்கள் படிக்கக் கிடைக்கின்றன. சங்கக் கூட்டம், திருமணம், மரணம் பற்றிய சிறு செய்திகளில் தனிமனிதர்களின் பெயர்கள் வெளிப்படுவதுண்டு.

பெயர், ஊர், ஆண்டு: மூன்று தடைகள்

தேடுபவர் தோற்றுப்போவது பெரும்பாலும் பதிவு இல்லாததால் நிகழ்வதில்லை. பதிவு வேறொரு வடிவில் இருப்பதால் நிகழ்கிறது. தமிழருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நின்று அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கத்தால், முத்துசாமி மகன் கந்தசாமி, கந்தசாமி மகன் முத்துசாமி என்று ஒரே இணைப் பெயர்கள் மாறிமாறி வந்து, இரு தலைமுறையினரை ஒருவராகவே எண்ணவைக்கும்.

கடல்கடந்த பதிவேடுகளில், கேட்டதைக் கேட்டபடி எழுதிய எழுத்தர்களால் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகவும் முதலி ‘மூட்லி’ ஆகவும் ஆயின. ஆகவே, ஒரு பெயரைத் தேடுமுன் அது எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் பட்டியலிட்டுக்கொண்டு, பெயரின் ஒரு பகுதியையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடுவதே முறை.

ஊர்களின் நிலையும் இதுவே. பழைய பட்டியலில் ‘வட ஆற்காடு’ என்றிருக்கும் ஊர் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஒன்றிலோ ஆந்திரத்தின் சித்தூரிலோ இருக்கலாம். பழைய சேலம் மாவட்டம் தருமபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி எனப் பிரிந்தது. 1956 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிகளில் இருந்த கன்னியாகுமரிப் பகுதியின் ஆவணங்களைத் தேடுவோர் திருவனந்தபுரத்தையும் நாட வேண்டியுள்ளது.

ஆண்டுக் கணக்கும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. வருவாய்ப் பதிவேடுகள் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டைப் பின்பற்றுகின்றன. பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும் என்பதால், பசலி 1335 என்பது 1925 ஜூலை முதல் 1926 ஜூன் வரையிலான காலம். குமரி மாவட்டப் பத்திரங்களில் வரும் கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும். ஜாதகத்தில் ‘விஜய வருடம்’ என்று மட்டும் இருந்தால் அது 1893ஆகவும் இருக்கலாம், 1953ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் எது என்பதை வேறு சான்றே முடிவுசெய்யும்.

பட்டியலில் விடுபட்டவர்கள்

பழைய பதிவேடுகள் எல்லோரையும் சமமாக நினைவில் வைத்திருப்பதில்லை. பெண்கள் தந்தையின் அல்லது கணவரின் பெயருக்குப் பின்னால் நிற்கின்றனர். பட்டாவில் அவர்கள் பெயர் அரிதாகவே வருகிறது. ஆயினும், தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு தந்த 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர், சகோதரர்களுக்குப் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பெண்கள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் பதிவாகியுள்ளன. உரிமையைக் கைவிட்டதற்கான அந்தப் பத்திரங்களிலேயே மகள்களின் பெயர், கணவர் பெயர், குடியிருக்கும் ஊர் ஆகியவை முழுமையாகக் கிடைக்கின்றன.

தலித் குடும்பங்களுக்கு, 1892ஆம் ஆண்டு ஆணையின்படி வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களைக் காட்டும் பழைய வருவாய்ப் பதிவேடுகள் வரலாற்றுச் சான்றாகவும் நிலத்தை மீட்பதற்கான சட்டச் சான்றாகவும் ஒருங்கே பயன்படுபவை. மிஷன் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் தேவாலயப் பதிவேடுகளும் தோட்டப் பட்டியல்களும் இக்குடும்பங்களுக்கு நிலப் பதிவேட்டின் இடத்தை நிரப்புகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கப்பல் பட்டியலிலோ பத்திரத்திலோ உள்ள சாதிக் குறிப்பு ஓர் எழுத்தர் ஒரு நாளில் எழுதியது என்பதற்கு மேல் எதையும் நிறுவாது. அதைக்கொண்டு பெருமை கட்டுவதும் பிறரைத் தாழ்த்துவதும் குடும்ப வரலாற்றின் பணியாகாது.

கிடைத்ததை அடுக்கிவைக்கும் முறை

தேடல் தொடங்கிச் சில மாதங்களில், கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்ந்து, எது யாருடையது என்பதே புரியாத நிலை வரும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு நபருக்கும் முதலிலேயே ஓர் எண்ணைத் தந்துவிட வேண்டும். பெயர்கள் தலைமுறைதோறும் திரும்பிவரும் குடும்பத்தில் எண் ஒன்றே குழப்பமற்ற அடையாளம்.

ஆவணப் படம் ஒவ்வொன்றின் கோப்புப் பெயரும் ஆண்டில் தொடங்கி, நபரின் எண், ஆவணவகை, ஊர் என்ற வரிசையில் அமைந்தால், கணினி தானாகவே அவற்றைக் காலவரிசையில் நிறுத்திவிடும். கூடவே, எந்த அலுவலகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், எந்த இணைய முகவரி, எந்த நாளில் பார்த்தது என்ற குறிப்பையும் எழுதிவைக்க வேண்டும். இணையதளங்களின் முகவரிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பக்க எண்ணும் தொகுதி எண்ணுமே மறுபடி தேட உதவும்.

ஒவ்வொரு ஆவணத்திடமும் மூன்று கேள்விகளைக் கேட்பது ஆய்வாளர் வழக்கம்: எழுதியவர் யார், நிகழ்வுக்கு எத்தனை காலம் கழித்து எழுதினார், யார் சொல்லி எழுதினார்? பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியர் வயதுக் கணக்குக்காகப் போட்ட பிறந்த தேதி, சட்டத்தின் கண்ணில் செல்லுபடியாகலாம். வரலாற்றின் கண்ணில் ஜாதகக் குறிப்புக்கே எடை அதிகம். இரண்டும் முரண்பட்டால், ஒன்றை அழித்துவிடாமல் இரண்டையும் ஆதாரத்தோடு குறித்துவைப்பதே நேர்மை.

இணையத்தில் பிறர் ஏற்றிய குடும்ப மரங்கள் தேடலுக்குத் துப்பாகலாம், சான்றாகா. மார்மோன் திருச்சபை நடத்தும் ‘ஃபேமிலிசர்ச்’ தளம், 1938 முதல் பல நாடுகளில் எடுத்த நுண்படச் சுருள்களை எண்ணிமமாக்கி இலவசமாகத் தருகிறது; அங்குள்ள மூலப் பதிவேட்டின் படமும், ஏதோ ஒரு பயனர் இணைத்த மரமும் ஒரே தரத்தன அல்ல.

குடும்ப மரத்தைக் கணினியில் வரைவோர் ‘கிராம்ப்ஸ்’ போன்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். எதைப் பயன்படுத்தினாலும், ‘ஜெட்காம்’ என்ற பொதுவடிவில் தரவை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் குடும்பத்தின் உழைப்பு அதனோடு மூழ்காமலிருக்க அதுவே வழி.

பழைய தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாத தெளிவில் வருடியெடுப்பது நன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடுவதால், ஆவணக் கோப்பாக அனுப்ப வேண்டும். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக் காப்பாளர்களின் எளிய விதி. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின என்பது, பெருநிறுவனங்களையும் முழுமையாக நம்பியிருக்கலாகாது என்பதற்குச் சான்று.

திறப்பதற்கும் மூடுவதற்கும் எல்லை

இறந்தவர்களின் பதிவுகளைத் திறந்துவைப்பதில் உள்ள நன்மை, உயிரோடிருப்பவர்களின் விவரங்களுக்குப் பொருந்தாது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் பிறந்த தேதியும் வங்கிக் கணக்கின் பாதுகாப்புக் கேள்விகளாக இருக்கும் காலத்தில், அவற்றைப் பொது மரத்தில் ஏற்றுவது மோசடிக்காரருக்கு வாசலைத் திறந்துவிடுவதாகும். வாழ்பவரின் பெயருக்குப் பதில் எண்ணை மட்டும் இட்டு, அவருடைய ஒப்புதல் இன்றி எதையும் வெளியிடாமலிருப்பதே பொறுப்பான நடைமுறை.

மரபணுச் சோதனை வழியே உறவினரைத் தேடும் சேவைகளில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. அமெரிக்காவின் ‘23அண்ட்மி’ நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியபோது, வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்தது. ஒருவர் தரும் மாதிரி அவருடைய உடன்பிறந்தாரைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசும் என்பதால், அது ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவாக இருக்க முடியாது.

செய்யத்தக்கவை

குடும்பங்கள் இந்த ஆண்டிலேயே தொடங்கக்கூடியவை நான்கு. வீட்டிலுள்ள தாள்கள் அனைத்தையும் படமெடுத்து எண்ணிடுவது முதலாவது. மூத்தவர்களிடம் பெயர்களின் எல்லா வடிவங்களையும், குடியிருந்த ஊர்களையும், பெண் கொடுத்த, எடுத்த ஊர்களையும் கேட்டு ஒலிப்பதிவு செய்வது இரண்டாவது. குடும்பத்தார் பெயருள்ள 2002, 2005ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியல் பக்கங்களைத் தரவிறக்கி, தொகுதி, பாகம், வரிசை எண்களோடு சேமிப்பது மூன்றாவது. சொத்துகளின் வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திர நகலையும் தேவை நேரும் முன்னரே பெற்றுவைப்பது நான்காவது.

அரசு செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது பெயர்ச்சுட்டி, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று காட்டும் அகரவரிசை. பழைய வாக்காளர் பட்டியல்களைத் தேர்தல் காலத்துக்கு மட்டுமன்றி நிரந்தரமாக, தமிழ் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளையும் ஏற்றுத் தேடத்தக்க வடிவில் வைத்திருக்க வேண்டும். 1970க்கு முந்தைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும் யுடிஆருக்கு முந்தைய அ பதிவேடுகளையும் தாள் உதிரும் முன்னர்ப் படமெடுக்க வேண்டும். பிறந்து 100 ஆண்டுகள் கடந்தவர்களின் பதிவுகளை மட்டும் பொதுப் பார்வைக்குத் திறக்கலாம்.

இப்பணிக்கு அனுபவம் வாய்ந்த அமைப்புகள் தமிழ்நாட்டிலும் அருகிலும் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகம் நூல்களையும் சுவடிகளையும் எண்ணிமமாக்கி வருகிறது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சுத்தாள்களைப் பேணுவதில் தேர்ந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ், தமிழகக் கிராமங்களில் தனியார் வீடுகளிலிருந்த ஓலைகளையும் பத்திரங்களையும் அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் படமெடுத்துள்ளது. ஆவணத்தைப் பறிக்காமல் படத்தை மட்டும் எடுக்கும் இம்முறையே மக்களின் நம்பிக்கையைப் பெறும்.

மாவட்ட மைய நூலகங்களில் வாரம் ஒரு நாள் குடும்ப ஆவண உதவி மேசை ஒன்றை அமைத்து, பசலியைக் கணக்கிடவும் வில்லங்கச் சான்றைப் படிக்கவும் பழைய தொகுதியைக் கண்டறியவும் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவரை அமர்த்தினால், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை குறையும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம் ஒன்றை மட்டும் முன்னோடியாக எடுத்துக்கொண்டு, அதன் ஊர்ப் பெயர்களின் பழைய, புதிய வடிவங்களை இணைக்கும் அட்டவணை ஒன்றைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் உருவாக்கி, நட்டால், மொரிஷியஸ் கப்பல் பட்டியல்களோடு ஒப்பிட்டு இணையத்தில் வெளியிடலாம். குடியாத்தத்தில் தாத்தாவின் பெயரைத் தேடுபவரும் டர்பனிலிருந்து ஊரின் பெயரைத் தேடுபவரும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்த முடியும். அது பயன்தருகிறது என்பது நிறுவப்பட்டபின், மற்ற மாவட்டங்களுக்கான செலவைச் சட்டப்பேரவையில் கேட்பதும் எளிதாகும்.